காக்கடு பிளமும் கடுக்காயும்: பூர்வகுடிகளின் உணவுத் தாவரங்களை ஆராயும்போது கேள்வி யாருடையது?

தாழைமடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரிஸ்பேனில் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். சென்ற வாரம் வேறோர் இழையில் ஒருவர், "பழங்குடிகளிடம் செடியைக் காட்டச் சொல்லி, அதைக் கொண்டுவந்து சோதித்துப் பார்ப்பதுதானே கூட்டாய்வு?" என்று போகிற போக்கில் கேட்டிருந்தார். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. நானும் இந்தத் தொழிலை அப்படி நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன்.

முன்பு வேலை பார்த்த ஒரு கூடத்துக்கு உறைந்த பழங்கள் பெட்டி பெட்டியாக வரும். பையின்மேல் ஓர் எண் மட்டுமே இருக்கும். எந்த ஊர் மரம், யார் பறித்தார்கள், காயாகப் பறித்ததா, பழுத்து உதிர்ந்ததைப் பொறுக்கியதா என்று ஒன்றும் இராது. ஒரு முறை இரண்டு பைகளின் வைட்டமின் சி அளவு ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வந்தபோது, கருவியில்தான் கோளாறு என்று எண்ணி மூன்று நாள் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். சில ஆண்டுகள் கழித்து வேறோர் இடத்தில், பறித்த பெண்களோடு உட்கார்ந்து பேசித் தயாரித்த சீட்டுகளுடன் அதே பழம் வந்தது. பழம் பழுக்கும் நிலைகளை அவர்கள் எத்தனை நுணுக்கமாகப் பிரிக்கிறார்கள் என்பதைச் சீட்டில் பார்த்த பிறகுதான், அன்று நாங்கள் கழற்றிப் பார்த்திருக்க வேண்டியது கருவியை அல்ல என்று விளங்கியது.

அந்தப் பழம் காக்கடு பிளம். மேற்கே கிம்பர்லியிலிருந்து கிழக்கே ஆர்னெம் லேண்ட் வரை, ஆஸ்திரேலியாவின் வடகோடிச் சவானாக் காடுகளில் வளரும் சிறு மரத்தின் காய். கிம்பர்லிப் பக்கம் 'கபிஞ்ச்' என்பார்கள். தாவரவியலில் டெர்மினாலியா ஃபெர்டினாண்டியானா. நம் கடுக்காய், தான்றிக்காய், மருதமரம் மூன்றும் டெர்மினாலியாவே என்பதால், இதை நமக்குப் பங்காளி முறை என்று சொல்லலாம். வாயில் போட்டால் முதலில் புளிப்பு, பிறகு கடுக்காயை நினைவூட்டும் துவர்ப்பு. 1982-இல் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய சிறு குறிப்பு ஒன்றுதான் இதை உலகறியச் செய்தது. 100 கிராம் பழத்தில் 2,300 முதல் 3,150 மில்லிகிராம் வரை வைட்டமின் சி இருப்பதாக அளந்தார்கள். ஆரஞ்சில் அது சுமார் 50 மில்லிகிராம்தான்.

அதற்குப் பிறகு பழம் ஓடிய ஓட்டம் பெரிது. முகப்பூச்சு, சத்துப்பொடி, பழக்கூழ் என்று போனதோடு, பழச்சாறு பாக்டீரியாவைத் தடுப்பதைக் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியபின் சமைத்த இறால் கெடாமலிருக்கவும் அதைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஆனால் ஆஸ்திரேலியக் காட்டுணவுத் தொழிலின் மொத்த வருவாயில் பூர்வகுடி நிறுவனங்களுக்குக் கிடைப்பது ஓரிரு சதவீதம் மட்டுமே என்பது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மழைக்காலத்துப் புழுக்கத்தில், வாடேய் போன்ற ஊர்களின் பெண்கள் மரம் மரமாய் நடந்து கையால் பறித்துத் தருகிற பழம் இது என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சதவீதத்தைப் படியுங்கள்.

என் கேள்வி இதுதான். செடியைக் காட்டியவர்களுக்குப் பணத்தில் பங்கு கொடுத்துவிட்டால் அது கூட்டாய்வு ஆகிவிடுமா, அல்லது எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும் இடத்திலும் அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

கல்தச்சன் எழுதியது:

அம்மா, நான் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவின் நேர்மையை மதிக்கிறேன். இருந்தாலும் இரண்டு ஐயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, அஸ்கார்பிக் அமிலத்துக்கு, அதாவது வைட்டமின் சி-க்கு, இனமும் இல்லை, மொழியும் இல்லை. மாதிரிக்குச் சீட்டு ஒழுங்காக எழுதவில்லை என்றால் அது ஆய்வகத்தின் ஒழுங்கீனம். ஆப்பிளுக்கும் அப்படித்தான் சீட்டு எழுத வேண்டும். அதைத் திருத்தப் பயிற்சி போதும், கூட்டாய்வு என்ற பெரிய சொல் எதற்கு? இரண்டாவது, பாரம்பரிய அறிவு என்று சொன்னவுடன் சோதனைக்கு அப்பாற்பட்டது போலப் பேசும் பழக்கம் நம்மூரில் எத்தனை கேடு செய்திருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதே காக்கடு பிளத்தில், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகக்கூடிய ஆக்சலேட்டும் கணிசமாக உண்டு என்று படித்திருக்கிறேன். பொடியாக்கி நாள்தோறும் கரண்டிக் கணக்கில் விழுங்குபவரின் சிறுநீரகத்துக்கு அது என்ன செய்யும் என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

மருதவாணி எழுதியது:

கல்தச்சன் ஐயாவுக்கு வணக்கம். ஆக்சலேட் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த ஐயத்தைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். காட்டில் நடக்கும்போது பருவத்தில் நாலு பழம் பறித்துத் தின்றவர்கள் அதைப் பொடியாக்கிக் கரண்டிக் கணக்கில் விழுங்கவில்லை. பழம் சந்தைக்கு வந்தது, அதைத் தின்னும் முறை வரவில்லை. இதற்கு நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு, கொஞ்சம் நீளம்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வயல்வரப்பிலும் குளத்தோரத்திலும் நாலிலையாய் விரியும் ஆரைக்கீரையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மார்சிலியா என்ற அந்தப் பேரினத்தில் ஆஸ்திரேலியாவின் வறண்ட நடுப்பகுதிக்கு உரிய உறவு ஒன்று உண்டு. நார்டூ என்று பெயர். நாம் இலையை உண்கிறோம். அங்கே கூப்பர் கிரீக் ஆற்றோரம் வாழும் யாந்த்ருவாந்தா மக்கள் அதன் கெட்டியான சிறு வித்துப்பைகளைச் சேகரித்து அரைத்து உண்டார்கள்.

1860 ஆகஸ்டில் மெல்போர்னிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடகரை நோக்கிப் புறப்பட்ட பர்க், வில்ஸ் பயணக்குழு திரும்பும் வழியில் உணவின்றிக் கூப்பர் கிரீக்கில் சிக்கிக்கொண்டது. யாந்த்ருவாந்தா மக்கள் மீனும் நார்டூ அப்பமும் கொடுத்துப் பேணினார்கள். அவர்கள் நார்டூ தின்பதைப் பார்த்துவிட்டு, செடியையும் அடையாளம் கண்டுகொண்ட பிறகு, வெள்ளையர்கள் தாங்களே பொறுக்கி அரைத்துத் தின்னத் தொடங்கினார்கள். வயிறு நிறையத் தின்றும் கால்கள் வலுவிழந்து நாளுக்கு நாள் மெலிந்துவந்ததை வில்ஸ் தம் நாட்குறிப்பில் வியப்போடு எழுதி வைத்திருக்கிறார். 1861 ஜூன் இறுதியையொட்டிப் பர்க், வில்ஸ் இருவரும் இறந்தார்கள். பர்க் அதற்கு முன்பே உதவிக்கு வந்தவர்களைத் துப்பாக்கி வெடித்து விரட்டியிருந்தார். எஞ்சிய ஜான் கிங் மட்டும் அந்த மக்களிடமே போய்ச் சேர்ந்து, அவர்கள் கொடுத்ததைத் தின்று, செப்டம்பரில் தேடுதல் குழு வரும்வரை உயிரோடு இருந்தார்.

நார்டூவில் தயமினேஸ் என்ற நொதி மிகுதி. அது வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். அந்த வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய்க்குரிய அறிகுறிகள் வில்ஸ் குறிப்பில் இருப்பதையும், யாந்த்ருவாந்தா மக்கள் மாவை நிறையத் தண்ணீர் விட்டு அரைத்த முறை அந்த நொதியின் வேலையைக் குறைத்திருக்கக்கூடும் என்பதையும் 1994-இல் 'நேச்சர்' இதழில் இருவர் எடுத்துக்காட்டினார்கள். செடி ஒன்றுதான், அம்மிக்கல்லும் ஒன்றுதான். வேறுபட்டது அரைத்த விதம். அந்த விதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற எண்ணமே பயணக்குழுவினருக்கு வரவில்லை. ஐயா, இது சீட்டு எழுதும் பயிற்சிக்குள் அடங்குமா?

கல்தச்சன் எழுதியது:

அடங்காது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணம் தயமினேஸ் என்று சொல்ல ஓர் ஆய்வகம் தேவைப்பட்டது என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மருதவாணி எழுதியது:

முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன், ஐயா. 133 ஆண்டுகள் ஆயின, அவ்வளவுதான்.

பாலைநிலத்தான் எழுதியது:

டார்வினில் செவிலியராக இருக்கிறேன். பூர்வகுடி ஊர்களுக்கு முறை வைத்துப் போய் வருபவன் என்பதால் இந்த உரையாடலை ஆவலோடு படித்தேன். தாழைமடல் அக்கா கேட்ட கேள்விக்கு, எனக்குத் தெரிந்த இரண்டு ஆய்வுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதல் ஆய்வு 1980-களின் தொடக்கத்தில் நடந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பி ஊருக்கு அருகே மோவாஞ்சம் குடியிருப்பைச் சேர்ந்த பத்து சர்க்கரை நோயாளிகள், கெரின் ஓடே என்ற ஆய்வாளரோடு தங்கள் மூதாதையர் நிலத்துக்குத் திரும்பிப்போய், ஏழு வாரம் வேட்டையாடியும் மீன் பிடித்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்தார்கள். சராசரியாக எட்டுக் கிலோ எடை குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சுமார் 210-இலிருந்து சுமார் 120-க்கு இறங்கியது. 1984-இல் வெளியான அந்தக் கட்டுரையை எங்கள் பயிற்சியில் இன்றும் படிக்கச் சொல்கிறார்கள். உணவில் பெரும்பங்கு இறைச்சியும் மீனும்தான் என்பதால் இதைத் தாவர ஆய்வு என்று சொல்ல முடியாது. ஆனாலும் நான் சந்திக்கும் முதியவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருப்பதில்லை. அந்த நிலத்துக்குத் திரும்பிப்போக வழியும் வண்டியும் வேண்டும் என்பதுதான் அவர்களுடைய பேச்சாக இருக்கிறது. ஆய்வு கேட்ட கேள்வி ஒன்று, அவர்கள் கேட்கும் கேள்வி வேறு.

இரண்டாவது ஆய்வு, வட ஆஸ்திரேலியாவில் ஜபிரு ஊருக்கு அருகே மிரார் மக்களின் நிலத்தில் உள்ள மஜெட்பெபெ பாறைக்குகையில் நடந்தது. அங்கே மனிதர்கள் வாழ்ந்த காலம் சுமார் 65,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை போகிறது என்று 2017-இல் அறிவித்தார்கள். அதைத் தொடர்ந்து, அடுப்புகளில் எஞ்சிய கரித்துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து, அந்த முதல் குடியினர் கிழங்கும் பழமும் பனைவகைக் குருத்தும் தாழைக் கொட்டைப் பருப்பும் தின்றார்கள் என்று 2020-இல் வெளியிட்டார்கள். தாழைக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுப்பது எவ்வளவு பாடு என்பது, அதை இன்றும் உடைப்பவர்களோடு உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். நிலத்துக்குரிய மூத்தவர்களோடு காட்டில் நடந்து, இன்றைய செடிகளைச் சேகரித்து, அவர்கள் சொன்னபடி சமைத்துக் கரியாக்கி, அந்தக் கரியோடு பழைய கரியை ஒப்பிட்டார்கள்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அகழ்வு தொடங்குவதற்கு முன்பே மிரார் மக்களின் குஞ்ஜேமி அமைப்போடு செய்துகொண்ட உடன்பாடு. எந்த நேரத்திலும் அகழ்வை நிறுத்தச் சொல்லும் உரிமையும், கிடைத்த பொருள்கள் மீதான அதிகாரமும் அவர்களிடமே இருந்தன. நிறுத்து என்று சொல்லக்கூடியவர் சம்மதித்தால்தான் அதற்குச் சம்மதம் என்று பெயர் என்பது என் கட்சி.

பேச்சிப்பாறையார் எழுதியது:

வெளிநாட்டுக் கதையையே பேசுகிறீர்களே, எங்கள் மலையில் நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில், 1987-இல் தாவர ஆய்வாளர்கள் அம்மலையின் பழங்குடியினரான காணி வழிகாட்டிகளோடு ஏறினார்கள். வந்தவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, காணி இளைஞர்கள் ஏதோ சிறு காயை மென்றுகொண்டு களைப்பின்றி நடந்தார்கள். அது என்ன என்று கேட்டதற்கு முதலில் தயங்கி, பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா அதன் இலையிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்து, கோயம்புத்தூர் ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கும் இரண்டு சதவீத உரிமத்தொகைக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. பயன்பகிர்வுக்கு உலகமே எடுத்துக்காட்டிய முன்மாதிரி அது.

ஆனால் காணிகள் காட்டில் அந்தச் செடியைப் பயிரிட்டு விற்க முயன்றபோது வனத்துறை விதிகள் குறுக்கே நின்றன. செடியைக் காட்டிய இரண்டு மூன்று பேரைத் தவிர மற்றக் குடியிருப்புகளைக் கேட்கவே இல்லை என்ற மனக்குறை வளர்ந்தது. காணிகளின் மருத்துவர்களான பிலாத்திகள் சிலர், எங்கள் அறிவை விற்கக் கூடாது என்று முதலமைச்சருக்கே எழுதினார்கள். பணம் பங்கிட்ட அந்தக் கதையில், பாலைநிலத்தான் தம்பி சொல்கிற 'நிறுத்து' என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

தாழைமடல் எழுதியது:

பேச்சிப்பாறையார் ஐயா, மிக்க நன்றி. காணி வரலாற்றை வெற்றிக்கதையாகத்தான் நான் எங்கள் பயிலரங்கு ஒன்றில் கேட்டிருக்கிறேன். பிலாத்திகளின் கடிதம் அந்தப் படக்காட்சியில் இடம்பெறவில்லை.

காக்கடு பிளத்திலும் இதே சிக்கல் உண்டு. அந்த மரம் ஒரு குடிக்கு மட்டும் உரியதன்று. கிம்பர்லி முதல் ஆர்னெம் லேண்ட் வரை பல மொழிக்குடிகள் அதைத் தின்றும், உள்பட்டையைப் புண்ணுக்குப் போட்டும் வந்திருக்கிறார்கள். ஒருவரிடம் கேட்டால் மற்றவரைக் கேட்டதாகாது. இதற்கு அவர்களே கண்ட வழி, பழம் பறிக்கும் பூர்வகுடி அமைப்புகள் பல சேர்ந்து வட ஆஸ்திரேலியக் காக்கடு பிளம் கூட்டணி ஒன்றை அமைத்துக்கொண்டது. இப்போது தரமும் விலையும் பேச வருகிற வணிகர், ஒவ்வோர் ஊராகப் போய் ஒருவருக்கெதிராக இன்னொருவரை நிறுத்தி விலையைக் குறைக்க முடியாது. ஆய்வாளர்களும் அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. அந்த வாசலில் நிற்கும்போது கேள்விகளும் மாறுகின்றன. எங்களைப் போன்றவர்களின் முதல் கேள்வி எப்போதும் 'இதில் என்ன சத்து?' என்பதுதான். பறிப்பவர்களோ, பறித்த பழம் குளிர்சாதனம் போய்ச் சேரும்வரை எத்தனை மணி நேரம் தாங்கும், மழை பொய்த்த ஆண்டில் எந்த மரங்களை விட்டுவைக்க வேண்டும், நிலத்தைப் பேணுவதற்காகக் காட்டுக்குத் தீ வைக்கும் காலம் மாறினால் பூ என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். இவற்றுக்கு விடை தேட எங்கள் கருவிகள் போதும். இவற்றைக் கேட்கத்தான் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்று. கேட்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் குயின்ஸ்லாந்துக்காரர்கள் மெக்கடேமியாவைத்தான் காட்டுவார்கள். இந்தக் கிழக்குக் கரை மழைக்காடுகளில் பூர்வகுடிகள் தின்று வந்த கொட்டையின் விதைகள் 1880-களில் ஹவாய்க்குப் போயின. அங்கேதான் அது பெருந்தோட்டப் பயிராகி, நெடுங்காலம் ஹவாய்ப் பொருளாகவே உலகத்தில் விலைபோயிற்று. உலகில் இன்று விளையும் மெக்கடேமியாவில் பெரும்பகுதியின் மூலம், ஜிம்பி நகருக்கு அருகேயுள்ள ஒருசில மரங்கள், ஒருவேளை ஒரே மரம், என்று 2019-இல் மரபணு ஆய்வில் கண்டார்கள். அந்த மரங்களின் அடியில் தலைமுறை தலைமுறையாகக் கொட்டை உடைத்தவர்களுக்கு அந்தத் தொழிலில் என்ன வந்து சேர்ந்தது என்று கணக்குப் போட்டவரை நான் பார்த்ததில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அறிவுசார் சொத்துரிமைச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞன் என்ற முறையில் சுருக்கமாக. மரபணு வளங்களையும் அவற்றோடு சேர்ந்த பாரம்பரிய அறிவையும் பயன்படுத்தும்போது முன்சம்மதமும் பயன்பகிர்வும் வேண்டும் என்ற நகோயா நெறிமுறை 2010-இல் ஏற்கப்பட்டு 2014-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2012-இல் அதற்கு ஏற்புறுதி அளித்தது. ஆஸ்திரேலியா அதே ஆண்டு கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டது. ஆகவே அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுகிறது. குயின்ஸ்லாந்து தன் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2020-இல் திருத்தி, பாரம்பரிய அறிவைப் பயன்படுத்தும் உயிரியல் ஆய்வுக்கு அதற்குரியவர்களோடு உடன்பாடு காண இயன்ற முயற்சி எல்லாம் எடுக்க வேண்டும் என்று ஆக்கியது. எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை.

காக்கடு பிளச் சாற்றை முகப்பூச்சில் சேர்ப்பதற்கு அமெரிக்க அழகுசாதன நிறுவனம் ஒன்று காப்புரிமை கோரியதும், ஆஸ்திரேலியாவில் அதற்கு எதிர்ப்பு எழுந்து அந்த விண்ணப்பம் கைகூடாமல் போனதும் இத்துறையில் நன்கு தெரிந்த செய்தி. காப்புரிமைக்கு அடிப்படை புதுமை. எழுத்தில் இல்லாத அறிவு ஏற்கெனவே இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டுமானால் அதை எழுத வேண்டும். எழுதி வெளியிட்டாலோ யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பூர்வகுடிகள் மாட்டிக்கொண்டிருக்கும் கவட்டை இதுதான். எனக்கும் இதற்கு ஒரு முழு விடை தெரியவில்லை.

புதுவரவு எழுதியது:

எல்லாரும் பழத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் தானியம் அரைத்து அப்பம் சுட்டார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா? அதற்கும் ஆய்வு நடக்கிறதா?

மருதவாணி எழுதியது:

உண்மைதான், தம்பி. நியூ சவுத் வேல்ஸில் கட்டி ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் சுமார் 30,000 ஆண்டுகள் பழமையான அரைவைக் கற்களில் விதை அரைத்த தடங்கள் கிடைத்திருக்கின்றன. அம்மியின் வயதைக் கேட்டால் நமக்கே தலை சுற்றும்.

அதே மாநிலத்தின் வடக்கே, கமிலராய் மக்களின் நிலத்தில், நராப்ரை ஊரில் சிட்னிப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வேளாண் ஆய்வு நிலையம் உண்டு. அங்கே உள்ளூர்ப் பூர்வகுடிகளோடு சேர்ந்து பதினைந்து வகை நாட்டுத் தானியப் புல்லினங்களை விதைப்பிலிருந்து அப்பம் வரை ஆராய்ந்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் நம்பிக்கை தந்தது அவர்கள் நாட்டுத் தினை என்று அழைக்கும் பேனிகம் டிகம்போசிட்டம். பெயரில் தினை இருந்தாலும் முறைப்படி அது நம் பனிவரகுக்கும் சாமைக்கும் உறவு, அவையும் பேனிகம்தான். ஆண்டுதோறும் உழுது விதைக்க வேண்டாத பல்லாண்டுப் புல் என்பதால் மண்ணும் அரிக்காது.

இடர்ப்பாடும் நமக்குப் பழக்கமானதே. மணி முற்றியதும் உதிர்ந்துவிடும், உமியோ எளிதில் பிரியாது. கொல்லிமலையில் சாமை குறைந்துபோனதற்கு மரவள்ளியின் வரவு ஒரு காரணம் என்றால், உரலில் குத்தி உமி நீக்கும் பெண்களின் இடுப்பு வலி இன்னொரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அங்கே உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுபோன பிறகுதான் சாமை மறுபடி அடுப்புக்கு வர வழி பிறந்தது. நராப்ரையிலும் பேச்சு கடைசியில் இயந்திரத்தில்தான் வந்து நிற்கிறது என்று அறிந்தபோது, இரண்டு ஊர்ப் பெண்களையும் ஒரு திண்ணையில் உட்காரவைத்துப் பேசவிட்டால் எப்படி இருக்கும் என்று ஆசைப்பட்டேன்.

கல்தச்சன் எழுதியது:

இந்த இழையில் நான் கேட்டதைவிடக் கற்றது மிகுதி. ஆயினும் பாலைநிலத்தான் சொன்ன 'நிறுத்து' என்ற உரிமை என்னை இன்னும் உறுத்துகிறது. முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக ஓர் ஆய்வை நிறுத்த முடியுமானால் அது அறிவியலா? மருந்து நிறுவனங்கள் தமக்கு ஒவ்வாத முடிவை வெளியிடாமல் மறைப்பதை நாம் கண்டிக்கிறோமே.

பாலைநிலத்தான் எழுதியது:

நியாயமான கேள்வி, ஐயா. எனக்குப் புரிந்த வரை இரண்டும் ஒன்றல்ல. மருந்து நிறுவனம் மறைப்பது, அந்த மருந்தை விழுங்குபவரிடமிருந்து. மிரார் மக்கள் தங்கள் மூதாதையரை அடக்கம் செய்த மண்ணைத் தோண்டுவதை நிறுத்தச் சொன்னால், அவர்கள் யாரிடமிருந்து எதை மறைக்கிறார்கள்? ஆனால் உண்ணும் பொருளின் நச்சுத்தன்மை போன்றவற்றில் நீங்கள் சொல்வது பொருந்தும். அங்கே முடிவை வெளியிடத்தான் வேண்டும். எந்த முடிவு எந்த வகை என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே இருவரும் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் சண்டை குறையும். குறையும் என்றுதான் சொல்கிறேன், இராது என்று சொல்லவில்லை.

கல்தச்சன் எழுதியது:

அந்த வேறுபாட்டை யோசித்துப் பார்க்கிறேன். தாழைமடல் அம்மா, ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்களோடு பேசித் தயாரித்த சீட்டில் என்னென்ன இருந்தன என்று எழுத முடியுமா? என் பழைய மாணவர் ஒருவர் நீலகிரியில் காட்டுக்கிழங்குகளை ஆராயத் தொடங்கியிருக்கிறார். அவருக்கு அனுப்ப வேண்டும்.

தாழைமடல் எழுதியது:

தாராளமாக, ஐயா. மரம் நிற்கும் இடம், பறித்த நாள், மரத்திலிருந்து பறித்ததா தரையிலிருந்து எடுத்ததா, பழம் பழுத்த நிலைக்கு அவர்கள் மொழியில் எந்தச் சொல்லோ அந்தச் சொல், அந்த ஆண்டு அந்தக் காட்டில் தீ வைத்தார்களா, பறித்தவர் தம் பெயரை வெளியிடச் சம்மதிக்கிறாரா, இவ்வளவும் இருந்தன. கடைசியில் ஒரு கட்டம், 'இந்த மரத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது, எழுத வேண்டாதது' என்று. அதில் குறியிட்டால் அந்த மரத்தின் இடத்தைக் கட்டுரையில் தர மாட்டோம். காரணமும் கேட்க மாட்டோம். எனக்கு நினைவிருக்கும் வரை ஐந்து சீட்டில் ஒன்று அப்படி வந்தது. உங்கள் மாணவருக்கு அனுப்பும்போது அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டிவிடாமல் அனுப்புங்கள். ஆனால் அங்கே அதில் என்ன சொற்கள் இருக்க வேண்டும் என்பதைக் கிழங்கு அகழ்பவர்களிடம்தான் அவர் கேட்க வேண்டியிருக்கும்.